பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர்கள் கேட்ட மின்கோளாறுக் கேள்விகளுக்கு இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டோம். ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். காரில் எந்த வயரைத் தொடுவதானாலும் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பேட்டரி முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டிக்கொண்டால் அது விரலில் இருக்கும்போதே பழுக்கக் காய்ந்துவிடும்.

கேள்வி: எங்கப்பா ஓட்டின எம்.ஜி.பி. ரொம்ப வருஷமா பனியன் குடோன்ல நிக்குதுங்க. இப்பத்தான் வெளிய எடுத்தேன். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுது. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் கூடவே துடிக்குது. மொத்த வயரிங்கையும் உருவிப் புதுசு போடணும்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். போட்டுடட்டுங்களா?
— வாசகர், அவிநாசிபாளையம்

பதில்: போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் வேலை ஒரு ஸ்க்ரூவோடு முடியும்.

பின்பக்க விளக்குக் கூட்டில் பிரேக், டெயில், இண்டிகேட்டர் மூன்றுக்கும் எர்த் ஒன்றுதான். பிரேக்கை மிதித்ததும் 21 வாட் பல்புக்குள் நுழைந்த மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த எர்த் துருப்பிடித்துக் கிடந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். பக்கத்திலேயே அணைந்து கிடக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்புறமாக நுழைந்து, அதன் வயரிலேயே முன்பக்க இண்டிகேட்டர் வரை போய், அங்கே எர்த் ஆகும். வழியில் இருக்கிற பல்புகளெல்லாம் அரைகுறையாக எரியும். சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் ஒன்றுக்கொன்று பதில் சொன்னால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது சுலபம். எம்.ஜி.பி.யில் பேட்டரி பானெட்டுக்குள் இருக்காது, சீட்டுக்குப் பின்னால் தரைக்குக் கீழே இருக்கும். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாடியோடு சேர்ந்திருக்கும் பேட்டரி முனையிலிருந்து ஒரு நீள வயரை எடுத்து, விளக்குக் கூட்டின் உலோகப் பாகத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

பிறகு எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு எல்லாம் போய் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். முதலில் பூசிவிட்டு அப்புறம் இறுக்குவது தவறு. உலோகம் உலோகத்தோடு சேர்ந்த பிறகுதான் பூச்சு.

குடோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சுத்தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபியூஸ் பெட்டியிலும் விளக்குக் கூட்டிலும் அது படிந்தால் மழைக்காலத்தில் ஈரத்துணி போர்த்தியது மாதிரிதான். பக்கத்தில் ஹைப்போகுளோரைட் மாதிரியான பிளீச்சிங் சரக்கு வைத்திருந்தால் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் ஆவி செம்பை அரித்துப் பச்சைக் களிம்பாக்கிவிடும். காரை அங்கிருந்து நகர்த்துங்கள், அல்லது அந்தப் பிளீச்சிங் டிரம்மை நகர்த்துங்கள்.

கேள்வி: லூகாஸ் சாமான் போட்ட பிரிட்டிஷ் கார் என்றாலே இருட்டுதான் என்று கிண்டல் செய்கிறார்களே, உண்மையா?
— வாசகர், காங்கேயம்

பதில்: ‘இருட்டின் இளவரசன்’ என்ற பட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். நான் அதை ஏற்பதில்லை. பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் விளக்கு விற்று ஆரம்பித்த நிறுவனம் அது. நம் ஊருக்கும் அது அந்நியமில்லை. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். சென்னை பாடியில் இருக்கிறது. அந்தக் கால வயரிங்கில் வயரும் வயரும் சேரும் இடத்தில் தோட்டா வடிவக் கூர்முனை ஒன்றை ஒரு குழாய்க்குள் செருகி வைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்தில் குழாயின் பிடி தளரும், உள்ளே களிம்பு ஏறும். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் நல்ல நிலையில் இருந்தும் பழி அவற்றின் மேல் விழுகிறது. ஒவ்வொரு செருகலையும் உருவி, துடைத்து, குழாயைப் புதிதாக்கிப் போடுங்கள். புதுக்குழாய் தேங்காய் விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: டெஸ்ட் லேம்ப் போதுமா, மல்டிமீட்டர் வேணுமா அண்ணா? காலேஜ்ல எலக்ட்ரிக்கல் படிக்கிறேன், மாமாவோட பழைய கார்ல கை வைக்கப் போறேன்.
— மாணவர், பல்லடம்

பதில்: இரண்டும் வேணும் தம்பி. இரண்டும் வேறு வேறு கேள்வி கேட்கும் கருவிகள். இழை இழையாக அறுந்து கடைசியாக ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரை மீட்டரால் அளந்தால் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை. அதே வயரில் 21 வாட் பல்பை மாட்டினால் மங்கும். அதனால் வேலை செய்ய வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நீ கற்க வேண்டிய முதல் வித்தை வோல்டேஜ் இழப்பை அளப்பது. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வை. ஒரு முனை பேட்டரியின் எர்த் தூணில், வயர் லக்கில் அல்ல, ஈயத் தூணிலேயே. மறுமுனை எஞ்சின் பிளாக்கில். இப்போது செல்ஃப் போடச் சொல். 0.2, 0.3 வோல்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் எங்கோ ஒரு இணைப்பில் சூடாகி வீணாகிறது. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போ: தூணிலிருந்து லக், லக்கிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து பாடி, பாடியிலிருந்து எஞ்சின். எந்த இடத்தைத் தாண்டும்போது அளவு எகிறுகிறதோ அதுதான் இடம். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். கிளட்ச் வேலை பார்த்தவர் அதை மாட்ட மறந்துவிட்டால், செல்ஃப் மோட்டாரின் முழு மின்சாரமும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போகும். அந்தக் கேபிள் புகைந்ததாகக் கேள்விப்பட்டால் ஆச்சரியப்படாதே.

பேட்டரியையும் முதலில் அளந்துகொள். ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வண்டியில் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே இருக்க வேண்டும். பேட்டரி காலியாக இருக்கும்போது தேடிக் கண்டுபிடிக்கும் எந்தக் கோளாறையும் நம்பாதே.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஓட்டி நிறுத்தினால் வியாழக்கிழமை செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதிது.
— வாசகர், தாராபுரம்

பதில்: நான்கு நாள் என்று நீங்கள் சொன்னதே பாதி விடை. 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் காலியாக வேண்டுமானால் இடைவிடாமல் அரை ஆம்பியர் அளவுக்கு ஒழுக வேண்டும். 5 வாட் பல்பு ஒன்று இழுப்பது கிட்டத்தட்ட அதுதான், 0.42 ஆம்பியர். டிக்கி விளக்கு, டாஷ் பெட்டி விளக்கு, கதவு விளக்கு மூன்றையும் பாருங்கள். டிக்கியை மூடினால் விளக்கு அணைகிறதா என்று தெரிய, உள்ளே செல்ஃபோனை வீடியோவில் வைத்து மூடுங்கள்.

அதில் இல்லையென்றால் பேட்டரி எர்த்தைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் போடக்கூடாது. கம்ப்யூட்டர் இல்லாத பழைய காரில் கடிகாரம் தவிர எதுவும் இழுக்கக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எல்லா ஃபியூஸையும் உருவிய பிறகும் அளவு குறையவில்லையா? ஃபியூஸ் இல்லாத பிரிவைப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றினதும் அளவு பூஜ்யமாகிவிட்டால் உள்ளே டயோடு போய்விட்டது. நிறையப் புதுப் பேட்டரிகள் அந்த ஒரு டயோடினால் செத்திருக்கின்றன.

கேள்வி: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. மெக்கானிக் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்தார். இப்போது போவதே இல்லை!
— வாசகர், திருப்பூர்

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் போவது நின்றுவிட்டது, ஷார்ட் நிற்கவில்லை. இனி உருகப்போவது வயர். திறந்த மேல்துணியும் பெட்ரோல் குழாயும் அருகருகே இருக்கும் காரில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி ஃபியூஸ் வாங்கும்போது ஒரு முக்கியமான விஷயம். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால் 35 ஆம்பியரில் அது உருகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். மற்ற கண்ணாடி ஃபியூஸில் 35 என்றால் 35-ஐத் தொடர்ந்து தாங்கும் என்று அர்த்தம். எண்ணைப் பார்த்து அதே எண் வாங்கினால் இரண்டு மடங்கு ஃபியூஸ் போட்டுவிட்டீர்கள். 15 அல்லது 20 போடுங்கள்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஃபியூஸைத் தீர்க்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு வயரில் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும், எதுவும் கருகாது. அந்த ஃபியூஸில் சேர்ந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து, வயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு மங்கும் இடத்தில் கையை நிறுத்துங்கள்.

கேள்வி: வயர் நிறத்துக்கு அர்த்தம் உண்டா?
— வாசகர், வெள்ளகோவில்

பதில்: பிரிட்டிஷ் கார்களில் உண்டு, அதுவும் அருமையான ஒழுங்கோடு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேரே, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்டால். பச்சை, சாவி போட்டு ஃபியூஸையும் தாண்டி வந்தது. ஊதா, சாவி இல்லாமல் ஃபியூஸ் தாண்டி வந்தது. சிவப்பு, பார்க்கிங் மற்றும் டெயில். நீலம், ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். கறுப்பு, எர்த். நிறம் வெளுத்துப்போயிருந்தால் இணைப்புக்கு உள்ளே மறைந்திருக்கும் துண்டைப் பாருங்கள், வெயில் படாத இடத்தில் அப்படியே இருக்கும். அறுபதுகளின் எம்.ஜி.பி.யில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். பிரவுன், நீலம், வெள்ளை மூன்றுக்கும் காவல் கிடையாது என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் சான் ஸ்டார்ம் இருக்கிறது. ஃபைபர் பாடி. எலக்ட்ரீஷியன்கள் எர்த் எடுக்க இடம் தேடியே களைத்துப்போகிறார்கள்.
— வாசகர், பொங்கலூர்

பதில்: நம் நாட்டில் பிறந்த இரண்டு சீட் காரைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், முதலில் அதற்கு என் மரியாதை. பெங்களூரு சான் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்தது, தயாரானது கோவாவில், உள்ளே ரெனோவின் 1,149 சிசி எஞ்சின். மிகக் குறைவாகவே விற்ற வண்டி என்பதால் அதன் வயரிங் பழக்கப்பட்டவர் பக்கத்தில் கிடைக்க மாட்டார். ஆனால் கார் புரிந்துவிட்டால் யாரும் வேலை பார்க்கலாம்.

ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. மற்ற கார்களில் எந்த ஸ்க்ரூவும் எர்த் ஆகும். இதில் ஒவ்வொரு விளக்குக்கும் ஹார்னுக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். ஆகவே எர்த் கோளாறு என்று வந்தால் பாடியில் துளை போட்டு ஸ்க்ரூ அடிக்கக் கூடாது. அது எங்கும் போய்ச் சேராது, ஃபைபர் விரிசல் விடுவதுதான் மிச்சம். நான் சொல்லும் வழி இது. பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த கேபிள் ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு. பிறகு முன்பக்கம் ஒரு செம்புப் பட்டை, டாஷுக்குப் பின்னால் ஒன்று, டிக்கியில் ஒன்று. மூன்றையும் நேராகப் பேட்டரியோடு ஒரு நல்ல கறுப்பு வயரால் இணைத்துவிட்டு, அந்தந்தப் பகுதி எர்த் எல்லாவற்றையும் அந்தந்தப் பட்டையில் கட்டுங்கள். இனி ஒரு கோளாறு வந்தால் பார்க்க மூன்றே இடம்.

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் பொருத்தமான ஆட்கள் இருக்கிறார்கள், நிட்டிங் மெஷின் எலக்ட்ரீஷியன்கள். வட்ட நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் குறைந்த வோல்டேஜில் ஒரு சர்க்யூட் சேர்ந்து, லைட் எரிந்து, மெஷின் நின்றுவிடும். நூறு இடத்தில் எது தொட்டது என்று லைட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. பஞ்சுக்கு நடுவே குறைந்த வோல்டேஜ் இணைப்பைச் சுத்தமாக வைப்பதிலும் அவர்களுக்கு இணை இல்லை. கார் பற்றித் தெரியாது என்று அவர்கள் தயங்குவார்கள். வயரிங் படத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எலக்ட்ரிகல் சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டுமா?
— வாசகர், கோவை

பதில்: முதலில் சென்னைப் பக்கம் தேடுங்கள். ஸ்பிட்ஃபயர் டிரையம்ப் ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்த கார். அதே ஹெரால்டைத்தான் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரித்தது. பழைய ஹெரால்டு உரிமையாளர்களின் அலமாரியில் உங்களுக்குத் தேவையானது கிடைக்கக்கூடும். வாங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வருடத்துக்கு வருடம் மாற்றங்கள் உண்டு.

இந்த இரண்டு கார்களுக்கும் ஒரே நோய் உண்டு. பானெட் மொத்தமும் ஹெட்லைட்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஹெட்லைட் வயர் மடங்கி நிமிர்கிறது. மேலுறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். பள்ளத்தில் இறங்கினால் லைட் அணைந்து, ஏறினால் எரிந்தால் அந்த மடிப்பைப் பாருங்கள். அந்த இடத்துக்கு மட்டும் நிறைய மெல்லிய இழைகள் கொண்ட வயர் போட்டு, கொஞ்சம் தளர்வாக விடுங்கள். ஹெரால்டு பாடி போல்ட் போட்டுச் சேர்த்த துண்டுகளால் ஆனது என்பதால் பானெட்டுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் ஓட்டிவிடுவதும் நல்லது.

கேள்வி: ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிகிறது. 100 வாட் பல்பு போடலாமா?
— வாசகர், கொடுவாய்

பதில்: போட்டால் சுவிட்ச் உருகும், வெளிச்சம் வராது. பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் ஏறக்குறைய முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். பழைய காரில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும், 60 வாட் இரண்டு என்றால் பத்து ஆம்பியர், டாஷ் சுவிட்ச், டிம் சுவிட்ச் என்று காரைச் சுற்றிவிட்டுத்தான் பல்புக்கு வருகிறது. எரியும்போது பல்பு முனையில் அளந்து பாருங்கள், பதினொன்றுக்கும் கீழே இருக்கும்.

இரண்டு ரிலே வாங்குங்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் 30-ஆம் முனைக்கு. 87-லிருந்து பல்புக்கு. ஏற்கெனவே பல்புக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர் 86-க்கு. 85 எர்த். பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டினால் போதும்; அது இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். பழைய வயர் எதையும் வெட்ட வேண்டாம். நாளை பழையபடி ஆக்க நினைத்தால் செருகலை மாற்றினால் போதும். தாராபுரம் ரோட்டில் இரவில் தேங்காய் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வேலை இதுதான்.

கேள்வி: மொபைல் சார்ஜர் மாட்டியதும் ‘டப்’. இரண்டாவது சார்ஜரும் ‘டப்’.
— வாசகர், ஊத்துக்குளி

பதில்: மூன்றாவதை மாட்டாதீர்கள். உங்கள் கார் பாசிட்டிவ் எர்த். எம்.ஜி.பி. 1967 வரை அப்படித்தான் வந்தது. அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படியே. பாடி முழுவதும் பாசிட்டிவ். சார்ஜருக்கு மின்சாரம் தலைகீழாகப் போகிறது. ரேடியோ, எல்.இ.டி. எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற முடியும். பேட்டரியைத் திருப்பி, டைனமோவின் ஃபீல்டைப் புதிய துருவத்துக்குப் பழக்கி, காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மின்சார டாக்கோமீட்டர் இருந்தால் அதன் உள்ளே வேலை உண்டு. டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்கிற காரை சார்ஜருக்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டரியோடு நேரடியாக, பாடியைத் தொடாமல் பொருத்திய தனி சாக்கெட் போதும். எப்படியும் பானெட்டுக்கு உள்ளே ‘பாசிட்டிவ் எர்த்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நடுவழியில் உதவிக்கு ஜம்பர் கேபிளோடு ஓடி வருகிறவர் நெகட்டிவைத்தான் பாடியில் மாட்டுவார்.

கேள்வி: அரை மணி ஓடியதும் அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. எட்டுப் பேர் எட்டுக் காரணம் சொல்கிறார்கள்.
— வாசகர், சேவூர்

பதில்: எட்டுப் பேரும் கார் குளிர்ந்த பிறகு பார்த்தவர்கள். நின்ற அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே தயாராகப் போங்கள்.

நின்றதும் முதல் வேலை, சாவியைப் போட்டுக் காது கொடுங்கள். எஸ்.யு. மின்சாரப் பம்ப் இருந்தால் ‘டிக் டிக்’ என்று அடித்துப் பிறகு ஓய வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் கருகியிருக்கும். மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். அது வீடு வந்து சேர மட்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது சூட்டில் ஆவியாகிவிட்டது.

பம்ப் சரியென்றால், பிளாஸ்டிக் பிடி போட்ட குறடால் காயிலின் நடு வயரைப் பிடித்து பிளாக்கிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து செல்ஃப் போடச் சொல்லுங்கள். பாயிண்ட் செட் இருக்கும் காருக்குத்தான் இந்தச் சோதனை. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் செய்யாதீர்கள். நீலப் பொறி ‘டக் டக்’ என்று பாய்ந்தால் இக்னிஷன் நிரபராதி. பொறி மஞ்சளாக மெலிந்திருந்தாலோ இல்லவே இல்லையென்றாலோ, கண்டன்சரும் காயிலும்தான் சந்தேகத்தில் இருக்கிறார்கள். முதலில் மலிவான கண்டன்சரை மாற்றுங்கள். சூட்டில் உள்ளே விட்டுப்போய், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்வது அதன் வழக்கம். பிறகு காயில். பாலாஸ்ட் இல்லாத சாதாரண காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே மூன்று ஓம் அளவு இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும், இல்லையென்றால் அளந்து பயனில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தகட்டை இணைக்கும் சின்ன வயரும் அடிக்கடி ஏமாற்றும். ஆக்ஸிலேட்டர் மாறும்போதெல்லாம் அந்தத் தகடு அசைவதால் உள்ளே அறுந்துவிடும். பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன. எஞ்சின் கொதிக்கிறதா?
— வாசகர், அவிநாசி

பதில்: பெட்ரோல் தானாக ஊறாதே! இரண்டுக்கும் பொதுவான ஒன்றுதான் கெட்டிருக்கிறது. ஸ்மித்ஸ் மீட்டர்களுக்குப் பின்னால் வோல்டேஜைச் சராசரி 10 வோல்டாகக் குறைத்துத் தரும் ஸ்டெபிலைசர் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் மேலே போய்விடும். டப்பாவை இறுக்குங்கள். முள் இறங்காவிட்டால் டப்பாவை மாற்றுங்கள்.

கேள்வி: என் தாத்தாவின் எம்.ஜி. டி.டி.யில் வயர் மேல் பருத்தி நூல் பின்னியிருக்கிறது. எலி கடித்த இடங்களை என்ன செய்வது? பிளாஸ்டிக் வயராக மாற்றிவிடலாமா?
— வாசகி, பெருமாநல்லூர்

பதில்: அம்மா, தயவுசெய்து வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் வந்த காரின் வயர் மேல் பருத்திப் பின்னல் இருப்பது அந்தக் காரின் அடையாளம். அதை எடுத்துவிட்டு வழுவழு பிளாஸ்டிக் போட்டால் டாஷைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கேட்காது. அதுவும் பனியன் பின்னும் நம் ஊரில் இருந்துகொண்டு!

பழைய வயருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும், அது ஆபத்து; அந்த வயரை ஓட்டக்கூடாது. ஆனால் பழைய வயரிங்கைக் கவனமாக உருவி, ஒவ்வொரு கிளையின் நீளம், நிறம், நூலில் ஓடும் கோட்டின் நிறம் எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஆணி அடித்து அப்படியே வரைந்துகொள்ளுங்கள். உள்ளே இன்றைய நல்ல பி.வி.சி. வயர், மேலே பருத்திப் பின்னல். டிராக் பேண்டுக்கும் ஹூடிக்கும் வட்ட நாடா பின்னும் மெஷின் இதே வேலையைத்தான் செய்கிறது. நூல் கட்டைகள் ஒன்றையொன்று சுற்றி ஓட, நடுவே வயரை விட்டால் மேலே பின்னல் ஏறும். நாடா போடுகிற ஒருவரிடம் பேசிப் பாருங்கள். சின்ன ஆர்டர் என்று தயங்கினால் தாத்தாவின் காரை ஓட்டிப்போய் வாசலில் நிறுத்துங்கள்.

எலிக்கு: காருக்குள் வேர்க்கடலையும் பழைய துணிக்கட்டும் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நகர்த்துங்கள். கடிபட்ட இடத்தில் டேப் சுற்றினால் போதாது. கோடையில் பசை உருகி வழிந்து, வயர் வெளியே வந்துவிடும். வெட்டி, சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

கேள்வி: ஐம்பது வயதைத் தாண்டிய காரில் ரிலே, ஆல்டர்னேட்டர் போட்டால் வின்டேஜ் பதிவு கிடைக்குமா?
— வாசகர், உடுமலை

பதில்: 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் ஐம்பது வருடம் தாண்டிய, தன் பழைய வடிவத்திலேயே காத்து வைத்த கார்களுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி வரிசை எண் தருகிறது. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்பதே அதன் முக்கிய அக்கறை. கழற்றினால் பழையபடி ஆகும் ரிலே அந்த வகையில் வராது. ஆனாலும் கழற்றிய டைனமோ, கட்-அவுட், ஃபியூஸ் பெட்டி எதையும் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

கேள்வி: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பழைய காரில் போய்வர ஆசை. கையோடு என்ன எடுத்துப் போகலாம்?
— வாசகர், சூலூர்

பதில்: பத்து மீட்டர் வயர், டெஸ்ட் லேம்ப், கண்டன்சர் ஒன்று, பாயிண்ட் செட் ஒன்று, ஃபியூஸ் ஐந்தாறு, உப்புத்தாள் ஒரு துண்டு, ஸ்பேனர் இரண்டு, காரின் வயரிங் படம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அங்கே ஓடும் ரேஸ் கார்களின் வெளிப்புறத்தைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்த ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச் அங்கே இருக்கிறது என்று, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் ஓடி வருகிறவருக்குத் தெரிவதற்காக. அந்தச் சுவிட்ச் ஒன்றை உங்கள் பேட்டரியின் எர்த் கேபிளில் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எட்டுகிற இடத்தில் வையுங்கள். வீட்டில் நிறுத்தும்போதும் அணைத்துவிடுங்கள். தீயணைக்கும் சிலிண்டர் டிக்கிக்குள் வேண்டாம், சீட்டுக்கு முன்னால் இருக்கட்டும்.